அம்மம்மாவின் சீதனமும் அம்மப்பாவின் கடனும்

சில மாதங்களுக்கு முன்னர், இலண்டனில் வாழும் என் பழைய நண்பர் ஒருவரின் மகள் இரவு வேளையில் தொலைபேசியில் அழைத்தாள். அவளை நான் யாழ்ப்பாணத்தில் பாவாடை கட்டிய சிறுமியாகக் கண்டது; இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் நடத்திவந்த பலசரக்குக் கடை நொடித்துப்போய், அவர் வங்குரோத்து மனுச் செய்யும் நிலையில் இருப்பதாகச் சொன்னாள்.

"மாமா, நீங்கள் கோட்டுச் செய்தி எழுதின ஆள். அதுதான் கேட்கிறன். அவர் வங்குரோத்து எண்டால் நானும் வங்குரோத்தோ? இனி என்ரை பேரிலை ஆரும் கடன் தருவினமோ?"

அந்நாட்டுச் சட்டத்தரணி ஒருவரிடம் உடனே போகும்படிதான் சொன்னேன். செய்தியாளன் சட்டம் சொல்லப் புகுவது ஆபத்தான காரியம். ஆயினும், அறியும் ஆவலில் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டேன். "பிள்ளை, அவரோடை சேர்ந்து நீ எதிலையாவது கையெழுத்து வைச்சனியோ?"

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

அந்த மௌனம் என்னைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு குடும்பக் கதைக்கு இழுத்துச் சென்றது. என் தாயார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் நான்கு காணி உறுதிகள் இருந்தன. நான்கும் என் அம்மம்மாவின் வாழ்வோடு தொடர்புடையவை. 1970களில் நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் செய்தி சேகரித்துத் திரிந்த காலத்தில், ஓய்வுபெற்ற பிரக்கிராசி ஒருவர் அவற்றை எனக்கு வரிவரியாக வாசித்து விளக்கினார். கணவன் நொடித்தபோது மனைவிக்கு எது மிஞ்சும், எதை வைத்து அவள் மேற்கொண்டு கடன் பெறலாம் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணச் சட்டம் சொன்ன விடைகள் அனைத்தும் அந்த நான்கு உறுதிகளில் அடங்கியிருந்தன.

முதலில் அந்தச் சட்டத்தைச் சற்று நோக்கவேண்டும். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் பழைய வழக்காறு. ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் படித்து ஒப்புக்கொண்டபின், 1707 இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழு வலு அளித்தனர். பெற்றோர் வழி வருவது முதுசொம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம். கலியாணத்தின்பின் தம்பதியர் ஈட்டுவது தேடியதேட்டம். இந்த மூன்று சொற்களும் இன்றும் எம்மவர் வாயில் புழங்குவன. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகள்கூட முதுசொம் என்றால் அறிவர்.

அக்காலத்தில் உலகின் பல பாகங்களில் மனைவிக்குத் தனிச் சொத்து என்று ஒன்றில்லை. இங்கிலாந்தில் கலியாணத்தோடு பெண்ணின் அசையும் பொருள் கணவனுடையதாயிற்று. அவன் கடன்காரர் அதனையும் எடுக்கலாம். எமது நாட்டின் தென்பகுதியில் வழங்கிய உரோமன் டச்சுச் சட்டத்தில் சொத்தும் கடனும் இருவருக்கும் பொதுவாயின. அந்தச் சொத்துக்கூட்டு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால்தான் ஒழிந்தது. யாழ்ப்பாணத்திலோ, சீதனம் பெண்ணின் வழியே போகும் பொருள் என்ற எண்ணம் ஐசாக்ஸ் எழுதுகோல் எடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றியிருந்தது. இதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையை அளவோடு வைத்துக்கொள்வது நன்று. கணவனின் விருப்பத்துக்கு அமைந்தவளாகையால் அவன் சம்மதமின்றி மனைவி எதனையும் கொடையாகக் கொடுத்தல் ஆகாது என்பதும் அதே தேசவழமையின் விதியே.

1911 இல் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் வந்தது. அவ்வாண்டின் முதலாம் இலக்கச் சட்டம் அது. அதன் 6 ஆம் பிரிவு, அச்சட்டத்தின்பின் கலியாணம் செய்யும் பெண்ணின் சொத்து அவளுடைய தனிச் சொத்து எனவும், கணவனின் கடன்களுக்கு அது பொறுப்பாகாது எனவும் ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. விலக்கு ஒன்றே: அந்தச் சொத்தின் பயிர்ச்செய்கை, பராமரிப்பு, திருத்தம், வரி ஆகியவற்றுக்காக அவன் பட்ட கடன்.

அம்மம்மா கலியாணம் செய்தது 1914 இல். அவருடைய தமக்கையார் தாலி கட்டிக்கொண்டது 1909 இல். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தகப்பன் ஒரேமாதிரிச் சீதனம் எழுதிக்கொடுத்த இரு சகோதரிகளில் ஒருத்திக்கு 6 ஆம் பிரிவின் காவல் உண்டு; மற்றவளுக்கு இல்லை. இதனைப் பிரக்கிராசி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அத்தகைய குடும்பங்கள் பலவற்றை அவர் தம் தொழிலில் கண்டிருந்தார்.

அம்மப்பா குருநாகலில் சுருட்டுக் கடை வைத்திருந்தார். தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக் கடைகள் எவ்வளவு நிறைந்திருந்தன என்பதை வயதில் மூத்தோர் அறிவர். கடைக்குக் கடன் செட்டிமார் வட்டிக்கடைகளிலிருந்து வரும். ஈடில்லை, கைநாணயமும் புரோநோட்டும் போதும். செட்டிமாருக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. செட்டிமார் கடைக்காரருக்குக் கொடுத்தனர். 1925 இல் கொழும்பில் செட்டிமார் மத்தியில் நெருக்கடி எழுந்து வங்கிகள் கையை இறுக்கின. அதிலிருந்து தலைநிமிர்வதற்குள் 1929 இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. இறப்பரும் தேங்காயும் விலை விழுந்தபோது, தோட்டத்தில் வேலை செய்தவன் சுருட்டுக்குக் கொடுக்கும் சதத்தையும் நிறுத்தினான். 1931 இல் அம்மப்பா கடையைப் பூட்டினார்.

அவர் நாடியது 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தை, அதாவது கடனிறுக்க வகையற்றோருக்கான சட்டத்தை. கடனாளி மாவட்ட நீதிமன்றில் மனுச் செய்து தன் உடைமைகளை ஒப்படைத்தால், அவை ஒரு பொறுப்பாளரின் கைக்குப் போகும். அவர் விற்றுக் கடன்காரருக்குப் பங்கிடுவார். கடனாளிக்குச் சிறைவாசத்திலிருந்து காப்புக் கிடைக்கும். ஈற்றில் நீதிமன்றம் ஒரு சான்றிதழ் வழங்கும். அச்சான்றிதழுக்குத் தரம் உண்டு: தவிர்க்கமுடியாத நட்டத்தால் நொடித்தவனுக்கு முதலாந் தரம், ஓரளவு தன் பிழையும் சேர்ந்தவனுக்கு இரண்டாந் தரம், பிழை முழுவதும் தன்னுடையதாயின் மூன்றாந் தரம். பள்ளிக்கூடப் பரீட்சை போல மனிதனின் தோல்விக்கும் தரம் பிரித்த ஆங்கிலேயரின் ஒழுங்கை வியக்காமல் இருக்க முடியவில்லை. அம்மப்பாவுக்குக் கிடைத்தது இரண்டாந் தரம். அதனை அவர் ஒருவருக்கும் காட்டியதில்லை என்று என் தாயார் சொல்வார்.

இனி உறுதிகள்.

முதலாவது, 1922 இல் கடை இலாபத்தில் அம்மப்பா தம் பெயரில் வாங்கிய ஆறு பரப்புக் காணி. இது ஐயமற்ற தேடியதேட்டம். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேடியதேட்டம் எவர் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சரிபாதி உரிமை. ஏட்டில் அப்படி. நடைமுறையில் கணவனே அதன் முகாமையாளன். மனைவியைக் கேளாமல் விற்கவும் ஈடு வைக்கவும் அவனுக்கு அதிகாரம் உண்டு என்பதே நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. குடும்பத்தை நடத்திய கடைக்குப் பட்ட கடன் என்னும்போது, தன் பாதியைத் தனியே பிரித்துக் கேட்க அம்மம்மாவுக்கு வலுவான நியாயம் இருக்கவில்லை. காணி போயிற்று.

இரண்டாவது உறுதிதான் என்னை மிகவும் வருத்தியது. அது அம்மம்மாவின் பெயரில் உள்ளது. 1926 இல் தமது சீதன நகைகளில் ஒரு பகுதியை விற்று, வீட்டுக்கு அண்மையில் நாலு பரப்புக் காணி வாங்கினார். நகை சீதனம், ஆகவே அந்தக் காசில் வாங்கிய காணியும் சீதனம் என்றே அவர் நினைத்தார். எவரும் அப்படித்தான் நினைப்பர். ஆனால் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் தேடியதேட்டத்துக்குக் கொடுத்த வரைவிலக்கணம் வேறு: கலியாண வாழ்வின்போது கணவனோ மனைவியோ விலை கொடுத்து வாங்கிய சொத்து தேடியதேட்டம். விலை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. அதுமட்டுமன்று, இருவரது தனிச் சொத்திலிருந்து வரும் வருமானமும் தேடியதேட்டமே. அதாவது சீதனக் காணியில் நிற்கும் பனை அவளுடையது. அந்தப் பனையிலிருந்து வரும் காசு இருவருக்கும் பொது. நகையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் கடன்காரர் தொடமுடியாது. புத்தியாக அதைக் காணியாக்கியதால் அது அவர்களின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

இந்த வரைவிலக்கணம் நீதிமன்றங்களில் பெரும் தர்க்கத்தை எழுப்பியது. முடிவில் 1947 இன் 58 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து, தனிச் சொத்தைக் கொடுத்து வாங்கியது தேடியதேட்டம் ஆகாது என்று திருத்தியது. அம்மம்மாவுக்கு அது பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்த நீதி. 1931 இல் பொறுப்பாளர் அந்தக் காணியையும் பட்டியலில் சேர்த்தபோது, பாதியையாவது காப்பாற்ற வழக்காடலாம் என்று யாரோ சொன்னார்களாம். வழக்காடக் காசு வேண்டும். கணவன் வங்குரோத்தானவளுக்கு அந்தக் காசை யார் கடனாகக் கொடுப்பார்? அக்காணியும் போயிற்று.

மூன்றாவது உறுதி பற்றி என் தாயார் உயிரோடிருந்தவரை பேச விரும்பியதில்லை. எட்டுப் பரப்புத் தோட்டக் காணி, துலா மிதித்து இறைக்கும் நல்ல கிணற்றோடு. அது தூய சீதனம், தகப்பன் எழுதிக்கொடுத்தது, 6 ஆம் பிரிவின் முழுக் காவலுக்குள் இருந்தது. 1930 இல், கடை தள்ளாடத் தொடங்கியபோது, அம்மப்பா குருநாகலில் இருந்து வந்து மூன்று நாள் வீட்டில் நின்றார். மூன்றாம் நாள் இருவரும் நொத்தாரிசிடம் போயினர். ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவருக்கு அந்தக் காணியை ஈடு வைத்து, கடைக்குப் பணம் வாங்கப்பட்டது. ஈடு வைத்தவர் அம்மம்மா. எழுத்தில் சம்மதம் கொடுத்தவர் அம்மப்பா. கணவனின் கடனுக்கு மனைவியின் சீதனம் பொறுப்பல்ல என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அது இப்பொழுது கணவனின் கடன் அன்று. அம்மம்மாவின் கடன்.

அந்த ஈட்டு உறுதியின் ஈற்றில் ஒரு வாசகம் இருந்தது. நான் பலமுறை வாசித்தும் விளங்கவில்லை. ஏதோ இலத்தீன் பெயருடைய இரண்டு சலுகைகளைத் துறப்பதாகக் கைச்சாத்திடுபவர் கூறுகிறார். பிரக்கிராசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதனை விளக்கிய மாலைப்பொழுது இன்னும் நினைவில் நிற்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமாபுரிச் செனற் சபை, பெண்கள் பிறருடைய கடனுக்குப் பிணை நிற்பது செல்லாது என்று தீர்மானித்தது. வெல்லேயஸ் என்பவரின் பெயரால் அத்தீர்மானம் அறியப்படுகிறது. ஆறாம் நூற்றாண்டில் யஸ்டீனியன் சக்கரவர்த்தி, மனைவி கணவனுக்காக நிற்கும் பிணையைக் குறிப்பாக எடுத்து, அது அவளைக் கட்டாது என்று மேலும் இறுக்கினார். இந்த இரு காவல்களும் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே தென்னாபிரிக்காவுக்கும் இலங்கைக்கும் வந்தன. தென்னாபிரிக்காவில் 1971 இல்தான் அவை நீக்கப்பட்டன.

ஆனால் பெண் தானாக அந்தக் காவலைத் துறக்கலாம் என்று சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. துறப்பதன் பொருள் அவளுக்கு விளக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. கடன் கொடுப்போர் சும்மா இருப்பார்களா? பெண் கைச்சாத்திடும் பிணைகளில் துறப்பு வாசகத்தைச் சேர்ப்பது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. உரோமாபுரியில் பெண்ணைக் காக்கப் பிறந்த விதி, வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில், ஆங்கிலமும் இலத்தீனும் அறியாத ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு மேலே ஒற்றை வரியாகக் கிடந்து செத்தது. "நொத்தாரிசு அதை வாசிச்சுக் காட்டியிருப்பாரோ?" என்று கேட்டேன். "வாசிச்சிருப்பார்" என்றார் பிரக்கிராசி. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

1931 இல் நீதிமன்றம் கொடுத்த சான்றிதழ் அம்மப்பாவைப் பழைய கடன்களிலிருந்து விடுவித்தது. அவரோடு சேர்ந்தோ அவருக்காகவோ கையெழுத்து வைத்தவரை அது விடுவிக்கவில்லை. வங்குரோத்துச் சட்டத்தின் இந்தக் கூற்றைப் பலர் அறிவதில்லை. நொடித்தவன் தலைமுழுகி எழும்பிவிடுவான். அவனுக்காக நின்றவள் தண்ணீருக்குள்ளேயே நிற்பாள். ஈட்டுக்காரர் இரண்டு ஆண்டு பொறுத்தார். பின்னர் தோட்டக் காணி ஏலத்தில் போயிற்று.

மிஞ்சியது நான்காவது. ஐந்து பரப்புப் பனங்காணியும் அதில் இருந்த மண்வீடும். 1934 இல் என் தாயாரின் மூத்த சகோதரிக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அதிகமில்லை. ஆனால் அம்மம்மாவிடம் அதுவும் இல்லை. பனங்காணியில் ஒரு பகுதியை ஒற்றி கொடுப்பதே வழி. ஒற்றி என்றால் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி திரும்பும். தேசவழமையில் பழமையான முறை அது.

காணி அம்மம்மாவுடையது. கணவனின் கடன்காரர் எவருக்கும் அதில் உரித்தில்லை. ஆயினும் நொத்தாரிசு உறுதி எழுத மறுத்தார். அதே 6 ஆம் பிரிவு, மணமான பெண் தன் அசையும் பொருளைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம், மரணசாசனமும் எழுதலாம், ஆனால் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவன் கைவிட்டுப் போனால், சித்தசுவாதீனம் இழந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றில் மனுச் செய்து அந்தச் சம்மதம் இன்றியே நடக்க அனுமதி பெறலாம். அம்மப்பா ஓடவில்லை, மறுக்கவுமில்லை. அவர் நொடித்தவர், அவ்வளவுதான். நொடித்தவரின் சம்மதமும் சம்மதமே.

இதிலுள்ள வினோதத்தை வாசகர் கவனிக்கவேண்டும். அந்த ஆண்டில் குருநாகலிலோ யாழ்ப்பாணத்திலோ அம்மப்பாவின் கையெழுத்தை நம்பி ஐந்து ரூபா கொடுக்க ஒருவரும் இல்லை. நீதிமன்றமே அவருடைய கைநாணயத்துக்கு இரண்டாந் தரம் என்று முத்திரை குத்தியிருந்தது. ஆனால் ஒரு சதமும் கடன்படாத, ஊரில் நாணயமானவள் என்று பேர்பெற்ற அம்மம்மா தமது சொந்தக் காணியைக் காட்டிக் கடன் வாங்குவதற்கு, உலகில் வேறெவருடைய கையெழுத்தும் உதவாது. அந்த ஒரு கையெழுத்தே வேண்டும். இதே காலத்தில் கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருந்த, தேசவழமைக்கு உட்படாத தமிழ்ப் பெண்ணின் நிலை வேறு. மணமான பெண்களின் ஆதனம் பற்றிய 1923 இன் 18 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அவளைக் கன்னிப்பெண்ணுக்குச் சமமாக்கி, கணவனைக் கேளாமல் தன் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் விட்டிருந்தது. அச்சட்டம் தேசவழமைக்கு உட்பட்டோரை வெளிப்படையாக விலக்கியது. அதே கொழும்புப் பெண் யாழ்ப்பாணத்தவனை மணந்தால் அவளும் தேசவழமைக்குள் வந்துவிடுவாள் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்னொரு விதி.

எமது மரபு பெண்ணுக்குச் சொத்தைக் கொடுத்தது, திறப்பை மட்டும் கணவனின் மடியில் விட்டது என்று பிரக்கிராசி சொன்னார். போர் முடிந்த 2009 இன் பின், கணவர் காணாமற்போன பெண்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தம் சீதனக் காணியை வைத்து ஒரு கடன் எடுக்க அலைந்ததைப் பார்த்தபோது அவர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. காணாமற்போனமைக்குச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016 இல்தான் சட்டமாயிற்று.

அம்மப்பா அந்நாளில் குருநாகலில் வேறொருவரின் கடையில் கணக்கெழுதி வந்தார். கடிதம் போட்டதும் இரவுப் புகையிரதத்தில் வந்தார். என் தாயாருக்கு அப்பொழுது பத்து வயது. அவர் கண்டதைப் பின்னாளில் எனக்குச் சொல்லியிருக்கிறார். நொத்தாரிசின் திண்ணையில் அம்மப்பா பேனாவை வாங்கி, கையெழுத்து வைக்காமல், வெகுநேரம் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்ன பார்க்கிறியள், வையுங்கோ" என்றாராம் அம்மம்மா. அவர் வைத்தார். கலியாணம் நடந்தது. கலியாணம் முடிந்த அடுத்த நாளே அவர் குருநாகலுக்குத் திரும்பிவிட்டார்.

சான்றிதழ் கழுவிவிட்ட கடன்களில் இரண்டு, உறவினரிடம் எழுத்தின்றி வாங்கிய கைமாற்று. அவற்றைக் கேட்கச் சட்டத்தில் எவருக்கும் உரிமை இருக்கவில்லை. ஆனால் தகப்பன் பட்ட கடனை ஆண்மக்கள் இறுக்கவேண்டும் என்பது ஐசாக்ஸ் எழுதிவைத்த பழைய விதி. என் மாமா, அம்மாவின் தமையனார், அரசாங்க உத்தியோகம் கிடைத்த நாள் முதல் சிறிது சிறிதாக அவற்றைக் கொடுத்து முடித்தார். ஒற்றியையும் அவரே மீட்டார். அது 1947 ஆம் ஆண்டு.

இலண்டன் பிள்ளையின் கேள்விக்குத் திரும்புவோம். தேசவழமை கடலைத் தாண்டிப்போய் அவளைக் காக்கவும் மாட்டாது, கட்டவும் மாட்டாது. அவள் இருப்பது ஆங்கிலச் சட்டத்தின் கீழ். அங்கே 1870 இலும் 1882 இலும் வந்த சட்டங்கள் மனைவியின் சம்பாத்தியத்தையும் சொத்தையும் கணவனிடமிருந்து பிரித்தன. ஆகவே கணவன் வங்குரோத்தானால் மனைவி வங்குரோத்தாவதில்லை. கனடாவிலும் அப்படியே, சேர்ந்து கையெழுத்திடாத கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை.

ஆனால் 1882 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு முள் இருந்தது. மனைவி தன் பணத்தைக் கணவனின் வியாபாரத்துக்குக் கடனாகக் கொடுத்து, அவன் நொடித்துப்போனால், மற்றக் கடன்காரர் எல்லோரும் வாங்கியபின்னரே அவள் தன் பங்கைக் கேட்கலாம். 1986 இன் வங்குரோத்துச் சட்டமும் வாழ்க்கைத்துணைக்குச் சேரவேண்டிய கடனை வரிசையின் கடைசியிலேயே நிறுத்துகிறது. இந்தப் பிள்ளை தன் சேமிப்பைக் கடையில் போட்டிருந்தாள். வரிசையின் கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் நொடித்தவரின் பங்கு பொறுப்பாளரின் கைக்குப் போகும். ஓராண்டு கழிந்தபின் வீட்டை விற்க அவர் நீதிமன்றம் சென்றால், விதிவிலக்கான காரணம் இருந்தாலன்றிக் கடன்காரரின் நலனே மேலோங்கும். மூன்று ஆண்டுக்குள் அவர் நடவடிக்கை எடுக்காவிடில் பொதுவாக அப்பங்கு நொடித்தவருக்கே திரும்பும் என்ற விதி 2004 இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக் கடனில் இன்னும் கடுமை: அவர் பாதி, இவள் பாதி என்பதில்லை, முழுவதையும் இவளிடமே கேட்கலாம். கணவருக்கு அங்கே வழக்கமாக ஓராண்டில் விடுதலை. அந்த விடுதலை இவளுக்கு இல்லை. புதிதாகக் கடன் கேட்டுப் போனாலும், கணவரோடு கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ இருந்தால், கடன் தரவு நிறுவனங்கள் இருவரது பதிவுகளையும் தொடர்புபடுத்தியிருக்கும்; கடன் கொடுப்பவர் அவருடைய பதிவையும் பார்ப்பார். பண விவகாரங்களை முற்றாகப் பிரித்தபின் அந்தத் தொடர்பை நீக்கும்படி கேட்கலாம்.

கணவனின் தொழிற்கடனுக்கு மனைவி வீட்டைப் பிணை வைக்கும் வழக்குகள் அங்கும் குவிந்தன. 1993 இல் ஓ'பிரையன் வழக்கிலும் 2001 இல் எற்றிட்ஜ் வழக்கிலும் பிரபுக்கள் சபை ஆராய்ந்தது, உரோமாபுரிச் செனற்சபையின் கேள்வியைத்தான்: தான் எதில் கையெழுத்து வைக்கிறாள் என்பது அந்தப் பெண்ணுக்கு விளங்கியதா? எற்றிட்ஜ் தீர்ப்பின்படி, கணவன் அருகில் இல்லாத நேரத்தில் ஒரு சட்டத்தரணி அவளைக் கண்டு, ஆபத்தை எளிய மொழியில் எடுத்துச் சொல்லவேண்டும். சொன்னதாக அவர் எழுத்தில் உறுதிப்படுத்தினால் வங்கி தப்பிக்கொள்ளும். எங்கள் ஊர் நொத்தாரிசின் ஒற்றை வரியை விட இது மேல்தான். எவ்வளவு மேல் என்பதைக் கையெழுத்து வைத்த பெண்கள்தான் சொல்லவேண்டும்.

அடுத்த கிழமை அவள் மீண்டும் அழைத்தாள். சட்டத்தரணியைக் கண்டாளாம். வீட்டில் இருந்த கோவைகளையெல்லாம் எடுத்துப் பார்த்ததில் அவளுடைய கையெழுத்து மூன்று கடதாசிகளில் இருந்ததாம். ஒன்று கடை வாடகை ஒப்பந்தத்துக்குப் பிணை. ஒன்று வங்கிக் கடன். மூன்றாவது, மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுத்த உத்தரவாதம்.

"அதை எப்ப வைச்சனான் எண்டு எனக்கு ஞாபகமில்லை மாமா" என்றாள். "சின்னவன் பிறந்த கிழமை போலை கிடக்குது. திகதி அப்பிடித்தான் சொல்லுது."